ஒன்றரை நிமிஷம்

கண்புரையை எடுத்து லென்ஸ் வைக்க அவருக்கு ஆறு நிமிஷம் போதும். படுத்த நோயாளிக்குச் செருப்பை எங்கே விட்டோம் என்ற கவலை வருவதற்குள் பார்வை வந்துவிடும் என்று ஆஸ்பத்திரியே அளந்தது. பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ். பக்கத்து மேஜை டாக்டருக்கு ஆமை. ஆமை ஒரு கண்ணை முடிப்பதற்குள் வரிசையில் இருப்பவர்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று கிளப்பிவிட்டதே எக்ஸ்பிரஸ்தான்.

போன வருஷம் சொந்த அக்காவின் வலது கண்ணை ஐந்தரை நிமிஷத்தில் முடித்தார். சாதனை. அந்த வேகத்தில் ஒன்றை விட்டார்: கடைசியில் கீறலின் ஓரத்தைப் பஞ்சு முனையால் அழுத்தி, நீர் கசிகிறதா என்று பார்ப்பது. கசிந்தால் ஒரு தையல். பார்க்கவில்லை, கசிந்திருக்கிறது. கிருமி உள்ளே போய் மூன்றாம் நாள் கண் சிவந்தது. ஊசி மேல் ஊசி போட்டுத் தலைகீழாக நின்றும், அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின.

இப்போது இடது கண்ணிலும் புரை.

"நீயே பண்ணுடா. போனது என் நேரம், நீ என்ன பண்ணுவே?" என்றாள் அக்கா. சிலர் கண்ணுக்கு அப்படி ஆகும் என்று அவர் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

அவர் ஆமையின் அறைக்குப் போனார். "எங்க அக்கா கண்ணை நீங்க பண்ணணும்."

"ரயிலை விட்டுட்டு ஆமை மேலயா சார் ஏத்துறீங்க?" என்று சிரித்த ஆமை, அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எக்ஸ்பிரஸ் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தார். ஆமை ஊர்ந்தார். லென்ஸ் உட்கார்ந்ததும் பஞ்சு முனையால் அழுத்தினார். ஓரத்தில் ஊசிமுனையளவு நீர் துளிர்த்தது. ஒரு தையல். மறுபடி அழுத்தினார். துளிகூட இல்லை. எக்ஸ்பிரஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து அக்கா மருந்துப் பெட்டியின் பொடி எழுத்தையெல்லாம் படித்துக் காட்டினாள். "அந்த டாக்டர் கைராசிக்காரர்டா."

"ராசி இல்லக்கா. கடைசியில கசிவு பார்த்தாரு. உன் வலது கண்ணுக்கு நான் பார்க்கல."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு ரொம்ப நேரமாகுமா?"

"ஒன்றரை நிமிஷம்."

"அந்த நேரத்துல என்ன பண்ணினே?"

"டீ குடிச்சேன். அஞ்சரை நிமிஷம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே."

அக்கா அந்த ஒரு கண்ணால் அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"டீயாவது சூடா இருந்துச்சா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.