படத்துக்குள் சந்தனசாமி

பங்களா மேட்டில் இன்பராணி வேகவேகமாக ஏறினாள். ஏழு மாத வயிறு முன்னே இழுத்தது. பின்னால் கொழுந்தன் வாலண்டைன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அலமாக், ஐயோ! அண்ணன வீட்ல கெடத்திட்டு எங்கண்ணி போறீங்க? சாமியார் ரயில விட்டு எறங்கிட்டாரு. செபம் முடிஞ்சதும் பெட்டிய மூடிருவாங்க.”

“அந்தப் படத்தப் பாக்கணும். ஒங்கண்ணன் மூஞ்சி ஒரு போட்டோல கூட இல்ல. பொறக்கப்போறது கேட்டா என்னத்தக் காட்டுவேன்? நீதான் தொரகிட்ட இங்கிலீசுல கேக்கணும்.”

அவள் கணவன் சந்தனசாமி நேற்று மாலை காய்ச்சலில் போய்விட்டான். செடெனாக் ரப்பர் தோட்டத்தைப் படமாக வரைய வந்திருந்த வெள்ளைக்காரருக்காகப் போன வாரம்தான் நாலு நாள் காலையில், ரப்பர் பால் வாளியோடு அசையாமல் நின்றிருந்தான். “தொர என்னயவே வரையிறாரு புள்ள” என்று வீட்டில் வந்து மீசையை முறுக்கினான்.

பங்களா வராந்தாவில் படம் காய்ந்துகொண்டிருந்தது. கதவு அகலம். அவள் தினமும் பார்க்கிற தோட்டம்தான். ஆனால் ரப்பர் மரங்கள் நீலப் பனியில் மிதந்தன. லயத்து வீடுகளின் புகைகூடப் பொன்னாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வராது போலிருந்தது.

“எங்க அவரு?”

வாலண்டைன் குனிந்து தேடினான். மரங்களுக்கு நடுவே, நகத்தளவு ஒரு பழுப்புத் தீற்றல். இடுப்பருகே பால் வாளியாக ஒரு வெள்ளைப் பொட்டு.

“இதுதான் போல.”

“மூஞ்சி?”

பக்கத்தில் நின்ற ஓவியரிடம் அவன் ஆங்கிலத்தில் கேட்டான். துரை தொப்பியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசினார்.

“அண்ணன் ரொம்ப நல்லா நின்னாராம். மரம் எவ்ளோ ஒசரம்னு காட்டத்தான் ஆளாம். அவ்ளோ தூரத்துல மூஞ்சி தெரியாதாம்.”

“அவருக்குத் தெரியாது லா. எனக்கு மீச வரைக்கும் தெரியும்.”

துரை கையைக் காட்டினார். “பின்னால போய்ப் பாக்கணுமாம்” என்றான் வாலண்டைன்.

அவள் ஓரடி பின்வாங்கினாள். தீற்றல் ஆளானது. இன்னும் ஓரடி. வாளி சுமந்து சுமந்து இறங்கிப்போன இடது தோள். அவனேதான். வாசற்படியில் பின்பக்கமாகவே இறங்கினாள். வாலண்டைன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். கீழே லயத்தில் செபம் தொடங்கிவிட்டது.

“அண்ணனே அங்கதான இருக்காரு, வாங்கண்ணி. மூடிருவாங்க.”

“இரு. இந்தப் பக்கம் திரும்பப் போறாரு.”

புல்லின் ஈரம் பாதத்தில் பட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு, இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள்.