தலைவரின் தங்கச்சி

ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தங்கையும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், முதலாண்டு சேர்ந்தார்கள் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. "ரெட்டைப் பிள்ளைங்களா?" என்பார்கள். இல்லை, அண்ணன் மூன்று வயது மூத்தவன். வேறோர் ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனவன், ஆண்டு முடியும் முன்பே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு "பிடிக்கல" என்பதைத் தவிர வேறொன்றும் அவன் வாயிலிருந்து பெயரவில்லை. அப்புறம் செல்போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காலத்தை ஓட்டினான்.

தங்கை பள்ளியை முடித்து இயற்பியல் படிக்க விண்ணப்பித்தபோது, லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, "இவனுக்கும் சேர்த்தே போடு. நீ கூட இருந்தா ஓடி வர மாட்டான்" என்றார்.

"நான் படிக்கப் போறேனா, காவலுக்குப் போறேனா?"

"ரெண்டும்தான்" என்றாள் அம்மா, ஒரு மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகை முடுக்கிக்கொண்டே. அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டிலும் யாருடைய கண்ணாடியாவது அவள் மடியில் கிடக்கும்.

அண்ணனைக் காக்க வேண்டிய அவசியமே வரவில்லை. முதல் நாள் மத்தியானத்துக்குள் வகுப்பில் பாதிப்பேர் அவன் தோளில் கை போட்டிருந்தார்கள். வாரம் முடிவதற்குள் அவன் 'தலைவர்' ஆகிவிட்டான். யாருடைய போன் கெட்டாலும் அவன்தான் மருத்துவர், யாருக்கு யாரோடு சண்டை வந்தாலும் அவன்தான் பஞ்சாயத்து. தலைவருக்குத் தங்கை என்றால் ஊருக்கே தங்கை அல்லவா? அவளை எல்லோரும் 'தங்கச்சி' என்றார்கள். அவளைவிட ஒரு வயது இளையவனும் தங்கச்சி என்றான். ஒருநாள் கடினமான கேள்வி ஒன்றுக்கு அவள் எழுந்து சரியான பதில் சொன்னபோது, விரிவுரையாளர்கூட, "அட, தலைவர் தங்கச்சியா? உட்காரும்மா" என்றார்.

பள்ளியில் அவள் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். இங்கே அந்தப் பெயருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள், முள்மேல் இருப்பது போலிருந்தது. நடுவரிசைக்குப் போனாள். ஜன்னலோரம் போனாள். நூலகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே வரியை மறுபடி மறுபடி படித்தாள். கேன்டீனுக்குப் போனால் கூட்டம், வெளியே வந்தால் வெயில். காலில் சக்கரம் கட்டியவளாய் மாடிக்கும் தரைக்குமாக ஏறி இறங்கினாள். பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் நடக்கும் இடம் என்று அவள் நினைத்திருந்த கல்லூரி, வராந்தாவும் மாடிப்படியுமாக நீண்டுகொண்டே போனது.

கடைசியில் துறைத் தலைவியின் அறைக்குப் போய் பி செக்‌ஷனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள்.

"காரணம்?"

"அண்ணன், மேடம்."

"அடிக்கிறானா? மிரட்டுறானா?"

"இல்ல மேடம்."

"பின்ன?"

"எல்லாருக்கும் அவனைப் பிடிக்குது மேடம்."

துறைத் தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பை அடக்கினாரா, இரக்கப்பட்டாரா என்று தெரியவில்லை. "அங்க இடம் இல்லம்மா. யாராவது விட்டுட்டுப் போனா கூப்பிடறேன்."

அதற்குள்தான் ஆய்வகத்தில் அந்தக் காரியம் நடந்தது. மெல்லிய கம்பி ஒன்றின் தடிமனைத் திருகு அளவியால் அளக்க வேண்டும். பெயர் வரிசைப்படி பிரித்ததில் அண்ணனும் தங்கையும் ஒரே மேஜை முன் நின்றார்கள். அண்ணன் கருவியைக் காதருகே வைத்துத் திருகி, "டாக்டர், நாடித்துடிப்பு நல்லா இருக்கு" என்றான். பக்கத்து மேஜைகள் சிரித்தன. ஆய்வக ஆசிரியை நேரே வந்தார்.

"ஒண்ணும் வைக்காமலே இது காட்டுற பூஜ்யப் பிழை எவ்வளவு? சொல்லுங்க தலைவரே."

அண்ணன் கருவியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "பிழை என்மேலதான் மேடம், கருவிமேல இல்ல."

மறுபடி சிரிப்பு. ஆசிரியையின் முகம் இறுகியதைப் பார்த்து, தங்கை பல்லைக் கடித்தபடி பதிலைச் சொன்னாள். "தங்கச்சி காப்பாத்திட்டா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அவ்வளவுதான், அவளுக்குள் மூடி வைத்திருந்தது பொங்கிவிட்டது. "என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க! எனக்குப் பேரு இருக்கு. இவன் என்ன பெரிய தலைவரா? போன காலேஜ்ல பாதியில ஓடி வந்தவன். மறுபடி ஓடிடக் கூடாதுன்னு காவலுக்கு என்னை அனுப்பியிருக்காங்க, தெரியுமா?"

அண்ணன் திருகு அளவியை அதன் பெட்டியில் பதனமாக வைத்து மூடினான். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கொட்டிய வார்த்தையை அள்ள முடியாது என்று அம்மா அடிக்கடி சொல்வாள். தங்கைக்கு அள்ள வேண்டும் போலிருந்தது, கை வரவில்லை.

மறுநாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. "தலைவலி" என்றான். அதற்கடுத்த நாளும் தலைவலிதான். வகுப்பில் அவளை இப்போது யாரும் தங்கச்சி என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் பக்கத்துப் பேச்சு நின்றது. கேட்டது கிடைத்துவிட்டதே, இனி நிம்மதியாகப் படிக்கலாமே என்று தன்னைத்தானே அதட்டிப் பார்த்தாள். முன்பைவிடக் கூடுதலாகத்தான் மாடிப்படி ஏறி இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அண்ணன் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறி துடைத்தான். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"பொய் சொல்லலையே. ஓடி வந்தவன்தானே."

"ஏன்டா வந்த? இப்பவாவது சொல்லேன்."

அவன் ஓர் இறக்கையைத் துடைத்து முடித்துவிட்டு, அடுத்ததை இழுத்துப் பிடித்தான். "அங்க முதல் நாள் நான் யார்கூடயும் பேசல. நாளைக்குப் பேசிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கூட்டம் கூட்டமா சேர்ந்துட்டாங்க. சாப்பாட்டு ரூம்ல தட்டைக் கையில வெச்சுக்கிட்டு எங்க உக்கார்றதுன்னு முழிப்பேன். அப்புறம் தட்டை வெச்சுட்டு ரூமுக்கே போயிடுவேன். மாசக்கணக்கா யாரும் என்னை எந்தப் பேராலயும் கூப்பிடல. சாயங்காலம் ஆனா என் குரலே எனக்கு மறந்துடும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவன் முகம் இறக்கைக்கு மறைவில் இருந்தது.

"அதான் இந்தத் தடவை முதல் நாளே எல்லார்கிட்டயும் பல்லை இளிச்சேன். நிறுத்த பயமா இருக்கு. பாடம் ஒண்ணும் காதுல ஏறல. அடுத்து யார்கிட்ட என்ன ஜோக் அடிக்கிறதுன்னே ஓடிக்கிட்டிருக்கு."

இத்தனை நாள் சோம்பேறி என்றும், அதிர்ஷ்டத்தோடு பிறந்தவன் என்றும் அவள் நினைத்தவன் இவன்தானா? ஸ்டூலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நாளைக்கு வாடா."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"இருக்கிற மூஞ்சியத்தான். வேற என்ன ரெண்டா வாங்கி வெச்சிருக்க?"

அவன் சிரித்துவிட்டான். தூசி வாய்க்குள் போய் இருமினான்.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே உள்ளே நுழைந்தார்கள். 'ஒட்டடை' என்று பெயர் வாங்கிய நெட்டைப் பையன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். "தலைவரே, நானும் ஒரு காலேஜ்ல சேர்ந்து விட்டவன்தான். வெளிய சொல்லிக்கல. இங்க வந்து உக்காருங்க" என்றான். அண்ணன் உட்கார்ந்தான். அன்று அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கொஞ்சமாக எழுதினான்.

அந்த வாரமே துறைத் தலைவியிடமிருந்து ஆள் வந்தது: பி செக்‌ஷனில் ஓர் இடம் காலி. அவள் திடுக்கிட்டாள். இப்போது போய் எப்படி விட்டுவிட்டுப் போவது?

"போ" என்றான் அண்ணன். "அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்." சொன்னபடியே பேசினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "எனக்குக் காவல் வேணாம்பா. ஓட மாட்டேன்" என்றான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குழம்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றார். அவரிடம் அது சம்மதம்தான்.

பி செக்‌ஷன் வாசலில் போய் நின்றாள். ஒரு முகமும் தெரியாது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றிய அந்த நொடியே பயந்துபோய், கண்ணில் பட்ட முதல் பெண்ணின் பக்கத்தில் போய்த் தடாலென்று உட்கார்ந்து தன் பெயரைச் சொன்னாள். பாதித் தூக்கத்தில் இருந்த அந்தப் பெண், "ஏன் கத்தற? காது கேக்குது" என்றாள். அப்படித்தான் அவளுக்கு முதல் சிநேகிதி கிடைத்தாள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் தேர்வில் அண்ணனுக்குக் கணிதம் போயிற்று. அவளுக்கு வகுப்பில் முதலிடம் கிடைக்கவில்லை, மூன்றாமிடமும் கிடைக்கவில்லை. சில நாள் காரணமில்லாமல் பாதி வகுப்பில் எழுந்து ஓட வேண்டும் போலிருக்கும். ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை, தூங்குமூஞ்சிச் சிநேகிதியோடு ஒரு கணக்கை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. பேருந்து நினைவு வந்து பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, நடத்துநரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து நாலைந்து பேர் திட்டினார்கள்.

"ஓடி வாயேன்! மணி என்ன, எங்க போய்த் தொலைஞ்ச?"

"கணக்கு வரல" என்றாள் மூச்சிரைக்க, படியில் ஏறியபடி.

"கடைசியில வந்துச்சா?"

"இல்ல."

உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டி குலுங்கிக் கிளம்பியது.