தெமர்லோவில் ஒரு ராத்திரி

பகாங் பக்கத்து மாநிலம்தான், ஆனால் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பக்கத்துச் சின்ன ஊரான சுவாவிலேயே கிடக்கும் நாங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை அங்கே இருக்கும் தெமர்லோவுக்குப் போய், ஆற்று மீன் சாப்பிட்டு, ஒரு ராத்திரி தங்கி வரலாம் என்று என் வீட்டுக்காரர் தர்மேந்திரனிடம் சொன்னேன். போனில் ஓட்டல் ரூமும் பார்த்து வைத்திருந்தேன்.

"ஓட்டலா? அங்க நம்ம சொந்தம் யாராச்சும் இருப்பாங்க லா. தெரிஞ்சா கோவிச்சுக்குவாங்க."

இந்த மனுசனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் சொந்தக்காரர் வீட்டுப் பாயில் படுத்தால்தான் தூக்கம் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ ஊரெல்லாம் போன் போட்டு, தெமர்லோவில் இருக்கும் சித்தப்பா மருமகளின் அண்ணன் புனிதனைக் கண்டுபிடித்துவிட்டார். முகம்கூடத் தெரியாத ஆள்.

ஸ்பீக்கரில் புனிதன் துள்ளினார். "அட மச்சான்! சனிக்கிழமை நாங்க போர்ட்டிக்சன் வரோம். தங்க இடம் தேடிக்கிட்டிருந்தோம், நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க! ஒரு வேன் ஆளுங்கதான் லா. உங்க வீட்லயே தங்கிக்கிறோம்."

"அதுக்கென்ன, வாங்க வாங்க!" என்றது இவர் வாய்.

போனை வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். இருப்பதே ரெண்டு அறை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

"ரதி, தெமர்லோவுல அந்த ஓட்டல் ரூம் இன்னும் இருக்கா?"