ஃபெல்டன் பச்சை

க்ளெனிஸ் ஓர்ம் அம்மையார் தம் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தியதுமே, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்குப் பட்டது. உள்ளே இருந்த என்ஜின் நீல நிறத்தில் இருந்தது. சாம்பல் கலந்த, மங்கிய நீலம். ஃபெல்டன் காரின் என்ஜின் பச்சை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் காரை வைத்திருக்கும் அனைவரும் அறிந்த செய்தி. அதை அவர்களுக்கு அறிவித்தவனே நான்தான்.

அது 1996-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஃபெல்டன் கார் வைத்திருப்போரான எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் இங்கிலாந்தில் கெனில்வொர்த்துக்கு அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் கூடியிருந்தது. காலையில் பெய்த மழையில் புல்தரை சேறாகியிருந்தது. கூடாரத்திலிருந்து பன்றி இறைச்சி வறுபடும் மணம் வந்துகொண்டிருந்தது. நாற்பது கார்கள் வரிசையாக நின்றன. வண்ண நடுவர் என்ற முறையில் நான் கையுறை அணிந்து, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியுடன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உடன் நடுவராக என் நண்பன் சிரில் பேக்னல் இருந்தான்.

கவன்ட்ரியில் இருந்த ஃபெல்டன் தொழிற்சாலை 1962-லேயே மூடப்பட்டுவிட்டது. எந்த உறுப்புக்கு எந்த வண்ணம் என்று கூறும் ஏடு ஒன்றுகூட எஞ்சவில்லை. நானோ கிட்டர்மின்ஸ்டர் கம்பள ஆலையில் முப்பதாண்டுகள் நிறம் பொருத்தும் பணி செய்தவன்; நூலிழை அளவு நிறபேதமும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆதலால் 1974-இல் என் சொந்தக் காரின் என்ஜினில் ஓரிடத்தை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, அந்தப் பச்சைக்கு இணையான வண்ண அட்டையைத் தயாரித்தேன். அன்று முதல் பழைய என்ஜினைப் புதுப்பிப்போர் யாவரும் அந்த அட்டையைப் பார்த்தே வண்ணம் கலக்கின்றனர்.

என்றாலும், எங்கள் சங்கத்தில் பெருமதிப்பு புதுப்பித்த கார்களுக்கு இல்லை. தொழிற்சாலையில் அடித்த வண்ணத்தின் மேல் பிறகு எவரும் கை வைக்காத கார்கள் ஏழு உண்டு. அவற்றின் உரிமையாளர்களின் பெயர்கள் ‘கைபடாப் பட்டியல்’ என்னும் ஏட்டில் உள்ளன. என் கார் அவற்றுள் ஒன்று, சிரிலுடையது மற்றொன்று. ஒரு திருகைக் கழற்றினாலும், வண்ணம் பூசினாலும் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். நீங்கிய பெயர் திரும்ப ஏறாது. க்ளெனிஸ் அம்மையாரின் கார், அவருடைய சித்தப்பா கூறிய சொல்லை நம்பி, எவரும் நேரில் பாராமலே சேர்க்கப்பட்டிருந்தது. அந்தப் பெயர் நிலைக்குமா நீங்குமா என்பதை நான் அன்று மாலை நான்கு மணிக்குள் எழுதித் தர வேண்டும்.

“எப்ப பெயின்ட் அடிச்சீங்க?” என்று வினவினேன்.

“நானா? எங்க வீட்டு வாசக்கதவுக்கே பதினோரு வருஷமா பெயின்ட் அடிக்கல, கண்ணு!” என்றார் அவர். ஸ்டோக் நகர மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காவலரையும் பாதிரியாரையும் ‘கண்ணு’ என்றே அழைப்பவர்.

“அப்ப உங்க சித்தப்பா அடிச்சிருப்பாரு.”

“அவரு முன்னூத்திப் பன்னெண்டு மைல் ஓட்டினாரு. அப்புறம் கால் போச்சு. வண்டிய தீவனக் கொட்டாயில விட்டு, மேல தார்ப்பாய் போட்டாரு. அவரு செத்த பொறவுதான் நான் தொறந்தேன். அவ்வளவுதாங்க கதை.”

நான் குனிந்து ஆராய்ந்தேன். சிரிலும் குனிந்தான். சற்று நேரம் கழித்து என் காதருகே, “டெஸ், வேலை படு அசிங்கமா இருக்குடா. அதான் எனக்குப் பயமா இருக்கு,” என்றான்.

அவன் கூறியதில் பொருள் இருந்தது. ஃபெல்டன் தொழிற்சாலையில் என்ஜினை முழுதாகப் பூட்டிய பிறகே, கொக்கியில் தொங்கவிட்டு, ஒரு நிமிடத்தில் வண்ணத்தைப் பீய்ச்சி அடித்துவிடுவார்கள். ரப்பர் குழாய், விசிறிப் பட்டை, கவ்விகள் என எல்லாவற்றின் மேலும் வண்ணம் தெறிக்கும். அடிப்பக்கத்தில் சொட்டுகள் வழிந்து உறையும். போலி செய்பவர்கள் அழகாகச் செய்து அகப்பட்டுக்கொள்வார்கள். இவருடைய என்ஜினிலோ குழாயின் மேல் பாதி நீலம். கொக்கி மாட்டிய இடத்தில் வண்ணமில்லாத பிறைத் தழும்பு. அனைத்தும் முறைப்படி அலங்கோலமாக இருந்தன.

“நம்ம சங்கம் போட்ட புத்தகத்தைப் படிச்சுட்டுச் செஞ்சிருக்காங்க,” என்றான் சிரில்.

“படிச்சவங்க பச்சைதானே அடிச்சிருப்பாங்க?”

“அங்கதான்டா சூது. இப்படி நீ யோசிப்பேன்னு தெரிஞ்சே நீலம் அடிச்சிருக்காங்க.”

அந்த விளக்கம் எனக்கு உடனே பிடித்துப்போனது. சந்தேகப்படுபவனுக்குத் தன் சந்தேகத்தைவிடப் பெரிய சந்தேகம் கிடைத்தால் ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. பட்டியல் ஏட்டைத் திறந்து, க்ளெனிஸ் ஓர்ம் என்ற பெயருக்கு எதிரே பேனாவை வைத்தேன்.

“பேரை அடிக்கப் போறீங்களா?” என்றார் அவர். குரலில் கேலி இல்லை. “அந்த மனுஷன் வாழ்நாள்ல ஒழுங்கா வச்சிருந்தது இது ஒண்ணுதான், கண்ணு. பொய் சொன்னாருன்னு எழுதிட்டீங்கன்னா அதுவும் போச்சு.”

“நிறம் தப்பா இருக்கேம்மா. என்ன செய்யட்டும்?”

“உங்க பச்சை எங்கேருந்து வந்துச்சு?”

“என் வண்டியிலேருந்துதான்.”

“அப்ப உங்க வண்டி எத்தனை மைல் ஓடியிருந்துச்சு?”

“தொண்ணூறாயிரத்துக்கு மேல.”

அவர் தலையை ஆட்டினார். “எங்க சலவைக் கூடத்துல நீலப் போர்வைய இஸ்திரி மெஷின்ல ரெண்டு நிமிஷம் கூட விட்டா என்ன ஆகும் தெரியுமா? துணி கருகி மஞ்சளாகும். நீலத்து மேல மஞ்சள் ஏறினா பச்சை. கம்பளக் கம்பெனியில முப்பது வருஷம் இருந்தீங்களாமே, இது தெரியாதா?”

எனக்குத் தெரியும், குழந்தைக்கும் தெரியும். தொண்ணூறாயிரம் மைல் சூடும் எண்ணெய்ப் புகையும் ஏறிய வண்ணத்தை நான் பிறவி வண்ணமாக எண்ணினேனா? அப்படியானால் இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்டிலுள்ள ஃபெல்டன் என்ஜின்களுக்கெல்லாம் முதுமையைப் பூசிக் கொடுத்தவன் நான். இல்லை, இதுவும் இவர் முன்கூட்டியே தயாரித்து வந்த வாதமாக இருக்கலாம். இவ்வளவு சரளமாகப் பேசுகிறவரை எப்படி நம்புவது?

சோதிக்க ஒரு வழி மட்டுமே இருந்தது. என்ஜின் எண் பொறித்த பித்தளைத் தகட்டை, வண்ணம் அடித்த பின்னரே, இரண்டு ரிவெட்டு ஆணிகளால் அறைவார்கள். தகட்டுக்கு அடியில் புகையோ எண்ணெயோ வெளிச்சமோ புகுவதில்லை. நிறைய ஓடிய, ஆனால் மறுவண்ணம் பூசாத என்ஜின் ஒன்றில் அந்தத் தகட்டைப் பெயர்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அத்தகைய கார்கள் அன்று திடலில் இரண்டே இருந்தன.

“சிரில், உன் தகட்டைக் கழட்டிப் பாப்போமா?”

“என்னது! போடா லூசு. உன் சந்தேகத்துக்கு உன் வண்டியக் கழட்டு.”

தகட்டைப் பெயர்த்தால் என் கார் பட்டியலிலிருந்து நீங்கும். இதை நான் நியாயத்தின் பொருட்டுச் செய்தேன் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினர், அது உண்மையன்று. உண்மையை அறியாமல் அந்த வாரத்தைக் கடத்த முடியாது என்ற ஒரே காரணத்தால் செய்தேன்.

மற்றவர்கள் உணவுக் கூடாரத்தில் இருந்தனர். என் காரின் அருகே நாங்கள் மூவர் மட்டுமே. கை ட்ரில்லால் முதல் ரிவெட்டின் தலையைத் துளைத்தேன், பிறகு இரண்டாவது. தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேனாக்கத்தியின் நுனியால் நெம்பினேன்.

சுற்றிலும் பச்சை. நடுவே தீப்பெட்டி அளவில் சாம்பல் கலந்த நீலம்.

கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தேன். க்ளெனிஸ் அம்மையார் வெற்றிச் சிரிப்புச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “ஐயோ, உங்க வண்டி போச்சே, கண்ணு,” என்று மட்டும் சொன்னார். அவர் பெயருக்கு எதிரே ‘உண்மை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் நன்றி கூறி, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துத் தம் காருக்குத் திரும்பினார்.

அவர் தலை மறைந்ததும் சிரில் என் முழங்கையைப் பிடித்தான். “டேய், இந்தத் தகட்டை இப்பவே மறுபடி அறைஞ்சுடலாம். அந்தம்மா மூச்சு விட மாட்டாங்க. அவங்க வண்டி பாஸ்னு எழுதிட்ட. ஏன்னு எவன் கேக்கப் போறான்? உன் பச்சையும் பொழைக்கும், உன் வண்டியும் பொழைக்கும்.”

“ரிவெட்டுக்கு எங்க போறது?”

அவன் தன் காரின் கருவிப் பையிலிருந்து பழைய இருமல் மிட்டாய்ப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து திறந்தான். பஞ்சின் மேல் நான்கு ரிவெட்டுகள் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சிறு நட்சத்திரம். அந்த நட்சத்திர ரிவெட்டுகள் ஃபெல்டன் தொழிற்சாலைக்கென்றே செய்யப்பட்டவை. எந்தக் கடையிலும் கிடைக்காதவை. தகடு பெயர்க்கப்படவில்லை என்பதற்கு நடுவர்கள் பார்க்கும் ஒரே அடையாளம் அதுதான்.

நான் பட்டியல் ஏட்டைத் திறந்து, டெஸ்மண்ட் ட்ரான்டர் என்ற என் பெயரின் மேல் கோடு இழுத்தேன். பிறகு கேட்டேன்: “இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?”

“எப்பவோ கவன்ட்ரில ஒரு பழைய தொழிலாளி குடுத்தாரு. மறந்தே போச்சு.”

“எத்தனை குடுத்தாரு?”

“ஆறு,” என்றான் சிரில். சொல்லி முடித்த பிறகே பெட்டியைக் குனிந்து பார்த்தான்.

ஒரு தகட்டுக்கு இரண்டு ரிவெட்டுகள். பெட்டியிலிருந்து குறைந்தவையும் இரண்டு. கூடாரத்தில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் வண்டி மூடியத் தெற, சிரில்.”

“மொதல்ல ஒரு டீ குடிப்போம்டா. குளிருது.”

“நீ குடி,” என்று சொல்லிவிட்டு, கைவிளக்கையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவனுடைய காரை நோக்கி நடந்தேன். அவன் என்னைத் தடுக்கவில்லை. உடன் வரவும் இல்லை.