காதுக்குப் பின்னால் ஒரு துளி

ஜன்னலுக்கு நேரே சாய்வு நாற்காலியில் மாமியார். மூச்சு முட்டக்கூடாதென்று முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, பாதி படுத்தும் பாதி உட்கார்ந்தும் இருக்கும்படி வைத்திருந்தார்கள். எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி முக்காலியில் மருமகள். கட்டிலின் ஓரத்தில் மகன், கையில் தன் சவரக் கண்ணாடி. மகள் மட்டும் உட்காரவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பகலெல்லாம் பிறர் பக்கத்தில் உட்கார்ந்தே பொழுது போவதால் வீட்டில் நிற்கத்தான் பிடிக்கும். அலமாரிக் கதவில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ பிரேக் போடுகிற மாதிரி வலது பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மாமியாரின் தாடையோரமாக, காதிலிருந்து சற்றுக் கீழே, மருமகள் மூன்றாவது கோட்டை இழுத்தாள்.

"ஏண்டி பெயிண்ட்டுக்காரி, என் மூஞ்சி என்ன காம்பவுண்டு சுவரா?"

"சுவர்னா பேசாம இருக்கும் அத்தை. நீங்க கொஞ்சம் வாயை மூடினா கோடு நேரா வரும்."

மாமியார் சிரித்துவிட்டார். சிரித்தால் போதும், கழுத்திலிருந்து சிவப்பு ஏறும். கன்னம், மூக்கு, நெற்றி என்று ஒரு படி விடாமல் ஏறி, இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கோபத்துக்கும் அதே சிவப்பு, கூச்சத்துக்கும் அதே சிவப்பு, சூடான காப்பிக்கும் அதே சிவப்பு. பன்னிரண்டு வயதில் வந்தது, போகவே இல்லை. அவருடைய அக்காள் வைத்த பட்டப்பெயர் பீட்ரூட். அதை மறைக்க வாலிபத்தில் பவுடர் போட்டார். வயதான பிறகு பவுடர் மேலே நிற்காமல் சுருக்கங்களுக்குள் இறங்கி, வெடித்த சுவரில் சுண்ணாம்பு அடைத்த மாதிரி ஆயிற்று. போதாக்குறைக்குத் தோல் மெலிந்து எதைப் பூசினாலும் எரிந்தது. சமீபத்தில் மகள் ஆசையாக வாங்கி வந்த கிரீம் ஒன்று, ரோஜா வாசனையோடு, அவர் கண்ணிரண்டையும் வீங்க வைத்துவிட்டுப் போயிருந்தது.

இப்போது இத்தனை பாடும் அந்த அக்காளுக்காகத்தான். கடல் தாண்டி ஓர் ஊரில் இருக்கிறார். காது போய் வெகுநாளாயிற்று, அதனால் போன் கிடையாது, கடிதம்தான். இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. கடைசியாக வந்த கடிதத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தன. 'என் கண்ணு முழுசாப் போறதுக்குள்ள உன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துடறேன். பழைய படம் வேண்டாம். இப்ப இருக்கற மூஞ்சி.'

மாமியார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "சிவப்பு தெரியாம எடுக்கறதா இருந்தா எடுங்க. இல்லைன்னா வேண்டாம். 'பீட்ரூட் இன்னும் வேகலையா'ன்னு பதில் எழுதுவா, அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவசரம் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இதயம் களைத்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னதை, அறைக்குள் இருந்த அவர் காது கேட்டுவிட்டிருந்தது.

மருமகள் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவள். அட்டையில் பார்த்த நிறத்தை நம்பாதே, சுவரில் ஒரு கை அடி, காயவிடு, பகல் வெளிச்சத்தில் பார் என்பது அவள் நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் ஓதுகிற மந்திரம். அழகுசாதனக் கடையில் அதையே அவள் விற்கிற பெண்ணிடம் ஓதினாள். மணிக்கட்டில் தடவிக் காட்ட வந்தவளை, "கை வேற, முகம் வேறம்மா" என்று நிறுத்தினாள். வாசனை கூடாது, ஸ்பிரிட் கூடாது, மினுமினுப்பு கூடாது; கெட்டியாக இருந்தால் சுருக்கத்தில் தேங்கும், தண்ணீராக ஓட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து மூன்று சின்னப் புட்டிகளில் வந்து நின்றாள்.

"இப்ப யாரும் பேசாதீங்க, காயட்டும்" என்றாள்.

காய்ந்தது. முதல் கோடு ரோஸ் நிறமாய்த் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாவது சாம்பல் பூத்துவிட்டது. மகன் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

"மூணாவது எங்க?"

"காணோம்ல? அப்ப அதுதான்."

மகன் கண்ணாடியை நீட்டினான். மாமியார் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் முகத்தில் ஒரு விரற்கடை இடம் சிவப்பு அடங்கி, பூச்சும் தெரியாமல் இருப்பதை நம்பாதவர்போல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அப்பப் பூசி இப்பவே எடுத்துடலாம்" என்றாள் மகள். "நல்ல வெளிச்சம் இருக்கு."

"இல்ல. காதுக்குப் பின்னாடி ஒரு துளி வெச்சுட்டு, நாளைக்கு ஒத்துக்கிச்சான்னு பார்த்துட்டுத்தான் பூசணும்."

"நாளைக்கா அண்ணி?"

மகளின் பாதம் அழுத்துவதை நிறுத்தியது. மகன் கண்ணாடியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். யாரும் சொல்லாத ஒன்று அறையின் நடுவில் வந்து நின்றது.

மாமியார்தான் அதை விரட்டினார். "நாளைக்கே இருக்கட்டும். போன தடவை நீ பூசிவிட்டதுல ஒரு வாரம் எனக்குக் கண்ணு திறக்கலை. வீங்கின மூஞ்சியை அனுப்பினா பூசணின்னு பேரு மாத்துவா. பெயிண்ட் அடிச்ச சுவத்துல ஈரம் காயறதுக்குள்ள சாய்ஞ்சா சட்டைதான் பாழு. நீ வைடி துளியை, பெயிண்ட்டுக்காரி."

மருமகள் அவர் காதோரத்து நரைமுடியை ஒதுக்கினாள். ஒரே கூரையின்கீழ் இத்தனை வருடங்களில் அவர் காலைப் பிடித்துவிட்டிருக்கிறாள், தலை வாரியிருக்கிறாள். முகத்தைத் தொட்டது இன்றுதான். தோல் ஆறிய பாலின்மேல் படிந்த ஆடை மாதிரி இருந்தது, ஊதினால் சுருங்கிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு துளியை வைத்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"கை ஜில்லுனு இருக்கு."

"எடுத்துடட்டுமா அத்தை?"

"எடுக்காதே. கொஞ்சம் இருக்கட்டும்."

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மருமகள் டம்ளரில் வெந்நீரோடு அறைக்குள் வந்தாள். திரை மூடியிருந்தது. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நேராக, நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கும் மாமியாரின் காதுக்குத்தான் போனாள். முடியை ஒதுக்கி, செல்போன் வெளிச்சத்தைக் காட்டிக் குனிந்து பார்த்தாள். தடிப்பில்லை. சிவப்பில்லை. சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் ஆகலை அத்தை, ஒத்துக்கிச்சு!"

சொல்லிக்கொண்டே திரையை இழுத்தாள், மூன்றாவது புட்டியை எடுத்துக் குலுக்கினாள், ஸ்பாஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். "தூங்குங்க, நான் பாட்டுக்குப் பூசிடறேன். அவர் எழுந்ததும் படம் எடுத்துடலாம்." திரும்பினாள்.

வெளிச்சம் அந்த முகத்தின்மேல் விழுந்திருந்தது. சிவப்பு இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக அந்தத் துளியே முழு முகத்துக்கும் வேலை பார்த்துவிட்டதென்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் ஸ்பாஞ்சைக் கீழே வைத்தாள்.

டாக்டர் வந்து, பார்த்து, மகனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, சிரமப்பட்டதற்கு அடையாளம் இல்லை என்றார். மகன் தாயின் கையைப் பிடித்தபடி கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தான். லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவன். கைக்கு வேலை இல்லாமல் அவனால் இருக்க முடியாது. அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.

மகள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"அண்ணி, பூசிவிடுங்க. நாலு பேர் வந்துடுவாங்க. சிவந்து கிடக்கறதை யாராவது பார்த்தா அம்மாவுக்குப் பிடிக்காது."

"கொஞ்சம் முகத்தைப் பாரேன்."

"நான் பார்க்க மாட்டேன். நீங்க பூசுங்க, அப்புறம் பார்க்கறேன்."

மருமகள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேற்று மறைந்துபோன அதே இடத்தில், அதே மூன்றாவது புட்டியிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். காயவிட்டாள். மறையவில்லை. வேறு யாரோ விட்டுப்போன அடையாளம்போலத் தனியே நின்றது. பஞ்சை நனைத்து அதைத் துடைத்தாள். முழுக்கப் போகவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

நேற்றுவரைக்கும் பஞ்சு பட்டாலே அந்த இடம் குப்பென்று சிவக்கும். மருமகள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு காத்திருந்தாள். சிவப்பு வரவில்லை. பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

பழைய கட்டடங்களுக்கு நிறம் பொருத்த அவளைக் கூப்பிடுவார்கள். சுவரைச் சுரண்டுவார்கள். பச்சை போகும், அதன்கீழ் நீலம் போகும், மஞ்சள் போகும், கடைசியில் கட்டிய அன்றைக்குப் பூசிய பூச்சு வெளியே வரும். அப்போது சுரண்டுகிறவர்கள், ஓயாமல் வாயாடுகிறவர்கள்கூட, யாரும் சொல்லாமலே சற்றுப் பேச்சை நிறுத்துவார்கள். அவள் கூடவே நின்று பார்த்திருக்கிறாள். ஒரு முகத்தில் அதைப் பார்க்க நேரும் என்று நினைத்ததில்லை. நாற்காலியில் இருந்தது கோபமோ கூச்சமோ சிரிப்போ இன்னும் ஏறத் தொடங்காத முகம். நெற்றி இவ்வளவு அகலமா? மூக்கு இத்தனை கூர்மையா? வெளியே பொழுது ஏற ஏற, உள்ளேயிருந்து யாரோ விளக்கைத் தூண்டுவதுபோல் நிறம் தெளிந்துகொண்டே வந்தது. தேனில் கொஞ்சம் பால் விட்டதுபோல. இல்லை, அதுவும் இல்லை. எத்தனையோ நிறங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவளுக்கு இதற்குப் பெயர் வரவில்லை.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் பயந்து மகள் தலையை நிமிர்த்தினாள். பார்த்தாள். எழுந்தாள்.

"இது... அம்மாவா?"

மருமகள் முக்காலியை விட்டுக்கொடுத்தாள். மகள் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, என்ன தோன்றியதோ, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினாள். தன் முன்கையின் உட்பக்கத்தைத் தாயின் கன்னத்தோடு சேர்த்து வைத்தாள்.

"அண்ணா. இங்க வா. பாரேன்."

மகன் குனிந்தான். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"அப்பா கருப்பு, நீ கருப்பு, அம்மா சிவப்பு, நான் மட்டும் ரெண்டும் இல்லை. என்னை ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு சொல்லிச் சொல்லியே அழ வெப்பியே, ஞாபகம் இருக்கா? அம்மாகிட்ட ஓடுவேன். அம்மா சிரிப்பாங்க. சிரிச்சா இன்னும் சிவந்துடும். எனக்கு இன்னும் அழுகை வரும்."

மகன் தங்கையின் தலையில் கையை வைத்தான், எடுக்கவில்லை. தெருவில் யாரோ கடைக் கதவைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள். "பெரியம்மா படம் கேட்டிருக்காங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றான் மகன். "செத்த முகத்தை யாராவது அனுப்புவாங்களா? அந்த வயசுக்குத் தாங்குமா?"

"தாங்காமக்கூடப் போகலாம். ஆனா சிவப்பு தெரியாம எடுக்கறதா இருந்தா எடுன்னுதான் அத்தை சொன்னாங்க. சிவப்பு வர்றதுக்கு முன்னாடி இருந்த இந்த முகத்தைப் பார்த்தவங்க இன்னிக்கு அவங்க ஒருத்தர்தான் இருக்காங்க."

மகன் தங்கையைப் பார்த்தான். அவள் இன்னும் கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

"எடு அண்ணா" என்றாள்.

அவன் விளக்கு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். "லைட் வேண்டாம்" என்றாள் மருமகள். செல்போனில் ஒரே ஒரு படம் எடுத்தான். சரியாக வந்திருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், நாற்காலிகளை அடுக்கிய பிறகு மருமகள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். கடையில் டப்பாக்களின்மேல் எழுதும் தடித்த பேனாவால், மங்கிய கண்ணுக்கு எட்டும்படி ஒவ்வோர் எழுத்தையும் பெரிதாக எழுதினாள். அப்படி எழுதினால் ஒரு பக்கத்தில் அதிகம் சொல்ல முடியாது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

'பெரியம்மாவுக்கு வணக்கம். உங்கள் தங்கை தூக்கத்திலேயே போய்விட்டார். வலி இல்லை. முதல் நாள் எங்களையெல்லாம் கேலி செய்துகொண்டு நன்றாக இருந்தார். நீங்கள் கேட்ட படம் உயிரோடு இருந்தபோது எடுக்கப்படவில்லை. போன அன்று காலையில் எடுத்தது. அதைத் தனி உறையில் வைத்திருக்கிறேன். பார்க்கத் தோன்றினால் மட்டும் பிரியுங்கள். பார்க்காவிட்டாலும் தவறில்லை. முகத்தில் எதுவும் பூசவில்லை. உங்கள் தங்கை மகளின் நிறம்தான் அவருக்கும். உங்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும். எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.'

கடையில் அச்சிட்டு வாங்கிய படத்தை மெல்லிய தாளில் சுற்றி, சிறிய உறைக்குள் வைத்து, அதைக் கடிதத்தோடு பெரிய உறைக்குள் வைத்தாள். ஓரத்துப் பசையை ஈர விரலால் நனைத்து மூடி, உள்ளங்கையின் விளிம்பால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தாள்.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. கவுண்டர்காரர் பக்கத்து ஆளோடு ஏதோ தகராறு பேசிக்கொண்டே, வருகிற உறைகளை முத்திரை குத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்துகொண்டிருந்தார். எறிந்தது ஒன்றும் தவறவில்லை. மருமகள் நீட்டிய உறையைத் தராசில் வைத்தபோது மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ள படமா?"

"ஆமா."

"மடிக்காதீங்கன்னு எழுதணும்மா. இல்லைன்னா எவனாவது மடிச்சுடுவான்." தன் பேனாவைக் கொடுத்தார்.

அவள் எழுதித் தந்தாள். அவர் முத்திரையை ஓரமாய், அழுத்தாமல் குத்தினார். பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். பைக்குள் கிடந்த கடிதங்களை இரண்டு கையாலும் விலக்கி, பையின் பக்கவாட்டில் அதை நேராக நிறுத்தி வைத்தார்.