நாடி பிடித்த கை

கேப்டனின் தலை தொங்கியதும் அவள் கை விமானத்தின் பிடிக்குப் போகவில்லை. நேராக அவருடைய மணிக்கட்டுக்குப் போய்விட்டது. பதினைந்து விநாடி எண்ணினாள். நாடி சீராகத்தான் இருந்தது. சீராக இல்லாதது விமானம் மட்டும்தான். அது இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இறங்கித் தரையில் மோதி, முன்கண்ணாடி முழுக்கச் சிவப்பாகி நின்றது. நல்லவேளை, அது நிஜ விமானம் இல்லை, இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பயிற்சிக் கூண்டு. மயங்கியதுபோல நடித்த கேப்டன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "எப்படி இருக்கேன் சிஸ்டர்?" என்றார்.

பின்னால் இருந்த பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "அவரைப் பார்க்க கேபின்ல ஆள் இருக்காங்க. மணி அடிச்சா ஓடி வருவாங்க. ப்ளேனைப் பார்க்க நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு இன்னொரு தடவை. அதுலயும் இப்படின்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

நாற்பத்து நான்கு வயது அவளுக்கு. இருபத்தோரு வருடம் நர்ஸ் வேலை. அதில் கடைசி ஆறு வருடம் நோயாளிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும் சின்ன விமானத்தில். வினை ஆரம்பித்தது அங்கேதான். நோயாளி கண்ணயர்ந்ததும் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பாள். அந்த முள் ஏன் ஆடுகிறது, இந்தக் குமிழுக்கு எதற்கு மூடி என்று கேட்டுக் கேட்டு விமானிகளின் உயிரை வாங்கினாள். பதில் கிடைக்கக் கிடைக்க ஆசை அடங்குமா என்ன? வேலையை விட்டுவிட்டு விமானம் ஓட்டப் படித்தபோது சொந்தபந்தமெல்லாம் மூக்கில் விரலை வைத்தது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாக ஏற இந்த ஒரு படிதான் பாக்கி.

சாயங்காலம் சமையலறையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். கரண்டிதான் பிடி. மயங்குவதற்குக் கணவர் சம்மதித்தார். அவர் சும்மா மயங்குவாரா? கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரு புது விதம். ஏழாவது தடவை சரிந்தபோது மேஜை விளிம்பில் நெற்றி 'ணங்'கென்று மோதியது. அவள் கரண்டியை விடவில்லை.

"அடிப்பாவி, நிஜமாவே இடிச்சுக்கிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலையே நீ!"

"பார்க்கக் கூடாதுங்க."

சொன்ன கையோடு கரண்டியைப் போட்டுவிட்டு ஐஸ்கட்டி எடுக்க ஓடினாள். கையைப் பழக்கினால் மனசும் கூடவே பழகிவிடுமா? ஐஸ்கட்டியை அவர் நெற்றியில் வைத்து அழுத்தியபடி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேகத்துக்குள் இருக்கும்போது கேப்டன் சாய்ந்தார்.

"கேப்டன்!" பதில் இல்லை. "கேப்டன்!"

"ஐ ஹேவ் கன்ட்ரோல்", இனி விமானம் என் கையில் என்று தன் குரலே சொல்வதைக் கேட்டாள். மணியை அடித்தாள். கேபின் ஆளுக்குப் பதிலாகப் பயிற்சியாளரே எழுந்து வந்து அவர் தோளைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் கேப்டன் கர்கர் என்று மூச்சிழுக்க ஆரம்பித்தார். நேற்று இது இல்லை. எத்தனையோ கட்டில்களின் ஓரத்தில் அவள் கேட்ட மூச்சு அது. இவ்வளவு சுத்தமாக நடிக்க இந்த மனிதர் எங்கே கற்றுக்கொண்டார்? நடிப்புதானா? ஒரே ஒரு தடவை திரும்பினால் தெரிந்துவிடும். மேகம் விலகி ஓடுபாதையின் விளக்குகள் இரண்டு வரிசையாக விரிந்தன. அவள் திரும்பவில்லை. சக்கரம் தரையில் உராய்ந்து, ஓடி, நின்றது.

"சரி. அடுத்தது இன்ஜின்ல தீ. தயாரா?" என்றார் பயிற்சியாளர்.

கர்கர் சத்தம் நின்றிருந்தது. கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கைகுலுக்க வலது கையை நீட்டினார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிடியிலிருந்து விரல்கள் வர மறுத்தன. மற்ற கையால் சுண்டுவிரலை மெல்ல நெம்பினாள், பிறகு மோதிரவிரலை. யாருடைய கையோ என்பதுபோல அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கேப்டன் நீட்டிய கையோடு காத்திருந்தார்.