மடங்கும் கார்பைனில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. திருவனந்தபுரத்தில், கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு வரும் பஸ்ஸில், போனில் எதையோ தேடப்போய் வேறெதையோ படித்துக்கொண்டிருந்தேன். பழைய பிரிட்டிஷ் கார்பைன், அதாவது குட்டை ரைஃபிள், ஒன்றைப் பற்றிய குறிப்பு. சுட்டால் கேட்காது, அடுத்த குண்டை ஏற்றும்போதுதான் கேட்கும் என்று இருந்தது. ஸ்ரீகார்யத்தில் நெரிசல். பஸ் நின்றுவிட்டது. இறங்கும்வரை அந்த வரியைத் தாண்டி நான் படிக்கவில்லை.

எனக்குத் துப்பாக்கிமேல் ஆசை கிடையாது. தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் அந்த வரி என்னை விட்டுப் போகவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் துப்பாக்கி வரும். அந்தத் துப்பாக்கியால் யாரும் சாகமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்:

"பர்மாக் காட்டில் மழை பிடித்துக்கொண்டது. சிப்பாய் கார்பைனைத் தோளில்"

வேண்டாம். பர்மாவை எனக்குத் தெரியாது.

இரண்டாம் தொடக்கம்:

"தாணுமாலையன் கழக்கூட்டத்தில் கணினி விளையாட்டுகளுக்கு ஆயுதம் செய்துகொண்டிருந்தான். வாள், ஈட்டி, பீரங்கி, எது கேட்டாலும். பழைய படங்களைப் பார்த்துத் திரையில் ஒவ்வொரு திருகாணியாக வைப்பான். உள்ளே இருக்கிற, ஆடுபவர் கண்ணில் ஒருநாளும் படாத திருகாணிகளையும் வைப்பான்."

இது இருக்கட்டும்.

3

அவனுக்கு வந்த வேலை டி லைல் கார்பைன். இரண்டாம் உலகப் போரில் மொத்தமே நூற்றுச்சொச்சம் செய்தார்கள். பாராசூட்டில் குதிப்பவர்களுக்காகத் தோள்கட்டை மடங்கும்படி செய்தது ஒன்றோ இரண்டோ என்கிறார்கள். லண்டன்காரர் ஒருவர் விளையாட்டுக்குக் கேட்டது அந்த மடங்கும் வகையை.

அதன் உடல் அக்காலத்து ராணுவ ரைஃபிளின் உடல். குழாய் மட்டும் வேறு. கைத்துப்பாக்கிக் குண்டு அதில் போகும். கனமான குண்டு, ஒலியைவிட மெதுவாகப் போவது. அதனால் காற்றில் வெடிப்பு எழாது. குழாயைச் சுற்றி இன்னொரு தடித்த குழாய். வாயு அதற்குள்ளேயே விரிந்து, அடங்கி, மெல்ல வெளியேறும். சுட்ட சத்தம் பக்கத்து மரத்தைத் தாண்டாது.

மிஞ்சுவது போல்ட், குண்டறையைத் திறந்து மூடும் இரும்புத் தண்டு. ஒவ்வொரு முறையும் அதன் பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலி உறை வெளியே விழும். பிறகு முன்னால் தள்ள வேண்டும். புதுக் குண்டு உள்ளே போகும். எதிரிக்குக் கேட்பது இரும்பும் இரும்பும் உரசுகிற இந்தச் சத்தம்தான்.

விளையாட்டிலும் அப்படியே. ஆடுபவர் சுட்டால் காவலாளி திரும்பமாட்டான். போல்ட்டை அசைத்தால் திரும்புவான். ஆகவே மொத்த ஆயுதத்துக்கும் வேண்டியது ஒரே ஒரு சத்தம்.*

* அந்தச் சத்தத்தைச் செய்து கொடுத்தவள் தாணுவின் மனைவி திவ்யலட்சுமி. அவளை அடிக்குறிப்பில்தான் என்னால் முதலில் கொண்டுவர முடிந்தது.

4

திவ்யலட்சுமி படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் சத்தம் செய்கிறவள். எலும்பு முறிய முருங்கைக்காய். பனியில் நடக்க மரவள்ளி மாவு. இந்தப் போல்ட்டுக்காக ஸ்ரீவராகத்தில் அம்மா வீட்டுக் கொல்லைக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துச் சாத்திப் பதிவு செய்தாள். சரியான மழைக்காலம் அது.

(முதல் வரைவில் அவள் சாகவில்லை. வேலை மாறிப் பெங்களூர் போயிருந்தாள். தாணு அவளுக்குப் போன் செய்வதாக ஒரு இடம். "ஹலோ" என்றாள். அதற்குமேல் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு வரவில்லை. பல நாள் அந்த ஹலோவிலேயே நின்றேன். பிறகு அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு "இறந்துவிட்டாள்" என்று எழுதினேன். கை தடையில்லாமல் ஓடியது. எப்படி இறந்தாள் என்று கேட்காதீர்கள். கதைக்கு அது தேவையில்லை.)

5

தாணு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் இவ்வளவு நாளும் வேலை செய்தான். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை முதன்முறையாக அசைவையும் சத்தத்தையும் சேர்த்து ஓடவிட்டான்.

ஏதோ தப்பாக இருந்தது. மறுபடி ஓடவிட்டான்.

இந்த வகைப் போல்ட்டில் பின்னால் இழுப்பது லேசு. சுடும் ஊசியை உந்துகிற ஸ்பிரிங் அமுங்குவது முன்னால் தள்ளும்போது, அதுவும் கடைசி அங்குலத்தில். கை முட்டுவது அங்கேதான். அவன் செய்திருந்த சிப்பாயின் தோள் சரியாக அந்த இடத்தில் இறுகியது. சத்தமோ, இழுக்கும்போது கரகரவென்று முட்டிக்கொண்டு வந்தது. தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று முடிந்தது. மழையில் ஊதிப்போன கதவு அப்படித்தான் போகும். திறக்கத்தான் பாடு, சாத்துவது சுலபம். அவள் அந்தக் கதவிலிருந்து ஒரு துப்பாக்கியைச் செய்திருந்தாள், தலைகீழாக.

இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு. வாய் திறந்த மாதிரி. ஏதோ சொல் வரப்போய் வராத மாதிரி.

ஒலிப் பிரிவில் இருக்கும் அபிஜித் வந்து ஹெட்போனில் கேட்டுப் பார்த்தான். தாணுவோடு பேசும்போது அவன் பாதி தமிழ், பாதி மலையாளம்; மச்சானுக்கு அளியா.

"அளியா, இது ஒரு பிரஷ்னமே இல்ல. வெட்டு. முன்பாதியப் பின்னாடி போடு, பின்பாதிய முன்னாடி போடு. தீர்ந்நில்லே?"

"நடுவுல?"

"நடுவுல எந்தா? ஆ மூக்குச் சத்தமா? அது வெறும் நாய்ஸ் அல்லே. எடுத்துக் கள."

தாணு அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டான். அபிஜித் இன்னொரு முறை காதுகொடுத்துக் கேட்டான். ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

"அய்யோ. ஸாரி அளியா. நான் ஓர்த்தில்ல, அது அவளாக்கும்னு."

"பரவால்ல."

"வீட்டில இதோட காப்பி உண்டல்லோ?"

"இருக்கு."

"பின்னே?"

அபிஜித்தின் இந்தப் "பின்னே"தான் உங்கள் கேள்வியும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் நகல் இருக்கிறது. தாணு அதைத் திறந்ததில்லை. திறந்தால் அவன்தான் திறக்க வேண்டும், அவன்தான் நிறுத்தவும் வேண்டும். விளையாட்டில் இருந்தால் அப்படி இல்லை. போலந்திலோ பிரேசிலிலோ ஒரு பையன் போல்ட்டை இழுப்பான். அவள் மூச்சு விடுவாள். தாணு அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம், பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். அவன் கை படாமலே அது நடந்துகொண்டிருக்கும்.

இதை அவன் அபிஜித்திடம் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொல்கிறேன்.

"லண்டன் சாயிப்புக்குத் துப்பாக்கின்னா பிராந்து," என்றான் அபிஜித். "கண்டுபிடிச்சா முழுசும் திருப்பி அனுப்பும், கேட்டோ. இல்லேங்கில் ஒண்ணு செய்யி. சத்தத்த விட்டுடு. துப்பாக்கிய மாத்து. ஆ மாடல் லோகத்துல ஒண்ணோ ரெண்டோ. யாரு போயி இழுத்துப் பார்க்கப் போறா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். தாணு சிரிக்கவில்லை.

6

மறுநாள் மத்தியானம் தாணு அதைச் செய்து பார்த்தான். ஸ்பிரிங்கின் இடத்தை மாற்றி, பின்னால் இழுக்கும்போதே அமுங்கும்படி வைத்தான். வேறு நாட்டு ரைஃபிள்களில் அப்படி உண்டு. சிப்பாயின் தோளையும் மாற்றினான். ஓடவிட்டான்.

அழகாகப் பொருந்தியது. கதவு முட்டிய இடத்தில் கை முட்டியது. மூச்சு வந்த இடத்தில் சிப்பாய் மூச்சு விட்டது போலவே இருந்தது.

அவன் உள்ளங்கை வேர்த்துவிட்டது. உலகத்தில் இல்லாத ஒரு கார்பைனைச் செய்திருந்தான்.

(இந்த இடத்தில் தாணுமேல் எனக்கே சந்தேகம். ஒரு ஸ்பிரிங்கை மாற்றியதற்கா இப்படி நடுங்குவான்? "நடுங்கினான்" என்று எழுதி அடித்தேன். "வேர்த்துவிட்டது" போதும். நான் ஒரு வரி மாற்றிப் பெங்களூரில் இருந்தவளைச் சாகடித்திருந்தேன். எனக்கு வேர்க்கவில்லை. வேர்த்திருக்க வேண்டும்.)

7

சனிக்கிழமை அவன் ஸ்ரீவராகம் போனான். அதே கதவில் புதிதாகப் பதிவு செய்துவிடலாம், இந்த முறை தள்ளும்போது முட்டவைத்து, என்பது எண்ணம். மாமியார் சிவகாமியம்மாள் கதவைத் திறந்தார்.

"என்ன மாப்பிள, வாசல்லயே நிக்கிய? உள்ள வாங்க."

"கொல்லைக்கதவு கொஞ்சம் வேணும் அத்தை."

"கதவா? கழத்தியா கொண்டுபோகப் போறிய?"

அவன் விஷயத்தைச் சொன்னான். துப்பாக்கி என்றதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"அந்தக் கதவு ஊதிப்போயி தொறக்க மாட்டாம கெடந்துல்லா. ஆசாரிய விட்டுச் செதுக்கியாச்சு. தாழ்ப்பாளுக்கும் எண்ண போட்டான். இப்ப சின்னப்பிள்ள தொட்டாலும் தொறக்கும்."

தாணு போய் இழுத்துப் பார்த்தான். வழவழவென்று வந்தது. பதிவு செய்ய ஒன்றும் இல்லை.

"அவ எடுத்துட்டுப் போனது போதாதா?" என்றார் பின்னால் நின்று.

(மாமியாரை இங்கே அழவைக்கலாம் என்று இருந்தேன். இரண்டு முறை எழுதினேன். அவர் அழ மறுத்துவிட்டார்.)

தாணு போனில் போட்டுக் காட்டினான். அவள் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க அவன் அதைக் கேட்பது இதுவே முதல்முறை.

"நம்ம கதவுதான்," என்றார் சிவகாமியம்மாள். "இன்னொருக்கப் போடுங்க."

போட்டான்.

"இந்தா, நடுவுல. ஏசப் போறா பாருங்க."

"யாரை?"

"என்னத்தான், வேற யார? நான் பின்னால நின்னு, கரண்டு போகப் போகுது, மாவாட்டணும், சீக்கிரம் முடி மக்களேன்னு நொய்நொய்னுட்டு இருந்தேன். வாயத் தொறந்தா. பதிஞ்சிரும்னு அப்படியே முழுங்கிட்டா. கதவச் சாத்தி மிஷின அணைச்ச பொறவு ஏசினா பாருங்க, அந்த ஏச்சு! தெருவே கேட்டிருக்கும்."

அவர் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். தாணு டக் என்ற சத்தத்தோடு முடிந்துபோன கோப்பைப் பார்த்தான். ஏச்சு அதற்கு அப்புறம் இருந்தது. அதை யாரும் பதிவு செய்யவில்லை.

"இத அழிக்கப் போறியளா?" என்று கேட்டார் அவர், சிரிப்பு அடங்கியதும்.

அவன் தாழ்ப்பாளைச் சாத்தினான். திறந்தான்.

"சும்மா கேட்டேன். காப்பி குடிக்கிறியளா, சாயா போடவா?"

8

முடிவுகள்.

(அ) தாணு சத்தத்தை வெட்டித் திருப்பிப் போடுகிறான். கார்பைன் சரியாகிவிடுகிறது. நடுவில் சுத்தமான அமைதி. லண்டன்காரர் பாராட்டுகிறார். அவன் வீட்டுக்குப் போகிறான். நகல் இருக்கும் கணினியை

இதை முடிக்க என்னால் ஆகவில்லை.

(ஆ) மாற்றிய கார்பைனை அனுப்புகிறான். மூச்சு பிழைத்துக்கொள்கிறது. துப்பாக்கி பொய்யாகிவிடுகிறது. அவன் இப்போது மெய்யாகச் செய்வது திருகாணி வைக்கிற அந்த ஒரு காரியத்தைத்தான். அதுவும் போய்விட்டால் அவன் காலையில் எதற்கு எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

(இ) லண்டன்காரருக்கு உள்ளதை எழுதுகிறான். "ஐயா, இந்தச் சத்தம் தவறானது. ஆனால் இதில் என் மனைவி தன் அம்மாவை ஏசப்போய்"

இதற்குமேல் எந்த அலுவலகக் கடிதத்தில் எழுத முடியும்?

ஆசாரி கதவைச் செதுக்காமல் விட்டிருக்கலாம் என்று யோசித்தேன். அப்படியானால் தாணு புதிதாகப் பதிவு செய்திருப்பான். அதில் முட்டல் இருந்திருக்கும். நடுவில் அவன் மூச்சுதான் இருந்திருக்கும்.

9

திங்கட்கிழமை காலை. திரையில் இரண்டு கோப்புகள்: உள்ளபடியான கார்பைன் ஒன்று, மாற்றிய கார்பைன் ஒன்று, இரண்டிலும் அவள் சத்தம். அபிஜித் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறான்.

"அளியா, எது போகணும்? சாயிப்பு ரெண்டு தடவ மெயில் அயச்சு."

"ஒரு தடவ ஆடிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஆடு. வேகம்."

தாணு ஸ்பீக்கரைப் போடுகிறான். காடு. ஒரு காவலாளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தாணு தோள்கட்டையை விரித்துச் சுடுகிறான். ஒன்றும் கேட்கவில்லை. போல்ட்டின் பிடியைத் தூக்கிப் பின்னால் இழுக்கிறான். ஸ்ரீவராகத்தில் ஒரு கதவு முட்டிக்கொண்டு திறக்கிறது. காவலாளியின் கழுத்து திரும்பத் தொடங்குகிறது. இப்போது அந்த மூச்சு.

இங்கே நிறுத்துகிறேன்.

தாணு நிறுத்தவில்லை, அவன் கை போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தியது நான். இது எந்தக் கோப்பு, எந்தக் கார்பைன், கடைசி அங்குலத்தில் கை முட்டுமா வழுக்குமா என்பதெல்லாம் முன்னால் தள்ளினால்தான் தெரியும். முடிவு வேண்டும் என்பவர்கள் தள்ளிப் பார்க்கலாம். உங்களைத் தடுக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போல்ட் பின்னால் இருக்கிறது. அவள் வாயைத் திறந்திருக்கிறாள். இன்னும் முழுங்கவில்லை.